யாரென்று கேட்காத கணினி

அன்று முப்பத்தெட்டாவது முறையாகக் கணினி அவனிடம் பாஸ்வேர்டு கேட்டது. அலுவலகத்துக்கான லீவு சாஃப்ட்வேரை அவன்தான் எழுதிக்கொண்டிருந்தான். ஒரு வரியைத் திருத்திச் சேமித்தால் போதும், உள்ளே இருந்தவனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டு, யார் நீ என்று மறுபடி விசாரிக்கும்.

குழந்தை பிறந்து பதினெட்டு நாள். இன்னும் போனில்தான் பார்க்கிறான். லீவு கேட்டு மூன்று முறை போய் நின்றாயிற்று.

"சாஃப்ட்வேரை முடிங்க. அதுல முதல் லீவே உங்களுக்குத்தான்" என்றார் மேனேஜர்.

அலுத்துப்போனவன், தன் கணினியில் மட்டும் பாஸ்வேர்டு கேட்காமல் நேரே உள்ளே விடும்படி நான்கு வரி எழுதினான். ஊழியர் பட்டியலில் முதல் பெயர் யாருடையதோ, உட்காருபவரை அவராகவே எண்ணி உள்ளே விட்டுவிடும். முதல் பெயர் மேனேஜருடையது. வேலை முடிந்ததும் அந்த நான்கு வரியை எடுத்துவிடலாம் என்றிருந்தான். அப்படி இருந்தவர்கள் யாரும் எடுத்ததாகத் தகவல் இல்லை.

பொய்ப் பெயர்களை வைத்துச் சோதிப்பது மேனேஜருக்குப் பிடிக்கவில்லை. நச்சரிப்பு தாங்காமல், எல்லாருடைய நிஜ விண்ணப்பங்களையும் அதில் இணைத்தான். மறுநாளே ஐந்து லீவுகள் தாமாக அனுமதியாகியிருந்தன.

தன் கோளாறுதான் என்று நினைத்து, அனுமதிக்கும் முன் 'நிச்சயமா?' என்றொரு கேள்வியைச் சேர்த்தான். ஐந்து ஒன்பதானது. யார் வேலை என்று கண்டுபிடிக்க, அனுமதித்தவர் பெயரோடு ஒரு கடிதம் போகும்படி செய்தான். எல்லாருக்கும் மேனேஜர் பெயரில் கடிதம் போனது. கடிதம் போய்விட்டால் லீவை ரத்து செய்யக் கூடாது என்பது அலுவலக விதி.

மதியம் கீழே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தால் எண்ணிக்கை ஏறியிருக்கும். நாற்காலியின் உயரமும் தினம் ஒரு தினுசாக இருக்கும். அதைப் பற்றியெல்லாம் யோசிக்க அவனுக்குத் தெம்பில்லை.

திங்கட்கிழமை வந்து பார்த்தால் மற்ற இருபத்திரண்டு நாற்காலிகளும் காலி.

"இருக்கிறது நீங்க ஒருத்தர்தான். உங்களையும் எப்படி அனுப்புறது?" என்று மேனேஜர் கதவைச் சாத்திக்கொண்டார்.

பெருக்க வந்த அக்கா அவனைப் பார்த்து நின்றாள். "தம்பி, நீங்க லீவு போடலியா?"

"கேட்டேன்க்கா. குடுக்கல."

அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

"அதை ஏன் போய்க் கேட்டீங்க? எல்லாரும் நீங்க சாப்பிடப் போனதும் உங்க சீட்டுல உக்காந்துதானே எடுத்துக்கிட்டாங்க? நானே போன வாரம் அதுல ஒரு அமுக்கு அமுக்கிட்டுத்தான், புதுசாப் பொறந்த பேரனைப் பாத்துட்டு வந்தேன்."