ஸ்டூலில் உட்கார்ந்த பொம்மை

"யாரு இத்த டிவிக்கு அனுப்பனது?"

முதலாளி ராமதாஸ் கேட்டதும் தேரடி வீதி ஜவுளிக்கடையின் சேல்ஸ் பெண்கள் மின்விசிறியைப் பார்த்தார்கள். கீதாஞ்சலி மட்டும் தரையைப் பார்த்தாள். அனுப்பியவள் அவள்தான்.

ஞாயிறுதோறும் டிவியில் 'வேற கலர் காட்டும்மா' என்று ஒரு நகைச்சுவைத் தொடர். கடை ஊழியர்கள் தாங்கள் படும் பாட்டை வாட்ஸ்அப்பில் சொன்னால் அதை நடித்துக் காட்டுவார்கள். ஊழியர்கள் உட்கார வசதி வேண்டும் என்று சட்டம் வந்தபோது, ராமதாஸ் ஒரே ஒரு ஸ்டூல் வாங்கினார். அதிலும் பட்டுச்சேலை கட்டிய பொம்மையை உட்கார வைத்துவிட்டார். நேற்று அது அப்படியே டிவியில் வந்துவிட்டது.

"ஆள் தெரியட்டும், அன்னிக்கே சீட்டைக் கிழிச்சிடறேன்!"

கல்லாவில் முதலாளியம்மா அருணாதேவி பில்லுக்கு சீல் குத்திக்கொண்டிருந்தார்.

வேலை போனால் கீழ்பென்னாத்தூரில் கீதாஞ்சலியின் அப்பா உடனே மாப்பிள்ளை பார்த்துவிடுவார். அதற்குப் பயந்துதானே இங்கே பத்து மணி நேரம் நிற்கிறாள்?

பொம்மை ஸ்டூலில் இருந்தால்தானே வம்பு? மதியம் ஓசைப்படாமல் இறக்கி வைத்தாள்.

"அனுப்பனவதான் பயந்துகினு இறக்கியிருக்கா! யாரவ?" என்று கத்தினார் ராமதாஸ்.

அவர் சாப்பிடப் போனதும் அவசரமாகத் திரும்ப ஏற்றினாள். பொம்மையின் வலது கை கழன்று வந்தது. கையும் களவுமாக மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று, கையைச் சுங்குடிப் புடவைக் கட்டுக்குள் செருகினாள்.

பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்த ஒரு அம்மாள் அந்தக் கட்டைத்தான் பிரிக்கச் சொன்னார். உள்ளேயிருந்து ஐந்து விரல் நீண்டது. அவர் போட்ட கூச்சலில் கடையே தெருவுக்கு ஓடியது. கல்லாவை விட்டு எழுந்திருக்காதவர் அருணாதேவி ஒருவர்தான்.

"இதுவும் டிவியில வரட்டும், அப்புறம் இருக்குது!" என்றார் ராமதாஸ்.

கீதாஞ்சலி பாத்ரூமுக்குள் போய் டிவிக்காரர்களுக்கு மெசேஜ் போட்டாள்: "சார், எங்க கடையப் பத்தி இனிமே எதுவும் போடாதீங்க." கை விஷயத்தை மூச்சுகூட விடவில்லை.

ஞாயிறு வந்தது. மனைவிக்காகக் காத்திருக்கும் கணவர்களுக்கென்று வைத்த டிவியின் முன் கடையே கூடி நின்றது. பொம்மை, கை, சுங்குடிக் கட்டு, கூச்சல். எல்லாம் அச்சு அசலாக வந்தது.

ராமதாஸ் திரும்பினார். "சுங்குடி செக்‌ஷன் நீதான கீதா?"

"சார், கை விஷயத்த சத்தியமா நான் அனுப்பல!"

"அப்போ எத்த அனுப்பன?"

அண்ணாமலையாரே! தன் வாயாலேயே கெட்டாள். கீழ்பென்னாத்தூர் பஸ்ஸும் கல்யாணப் பத்திரிகையும் கண்முன் வந்துவிட்டன.

"அந்தப் பொண்ண ஏன் மிரட்டறீங்க? ரெண்டையும் அனுப்பனது நான்தான்."

குரல் கல்லாவிலிருந்து வந்தது. "சில்லறை இருக்கா?" என்பதைத் தவிர அருணாதேவி வேறெதுவும் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை.

"நீயா! ஜம்முனு உக்காந்துக்கினு இருக்கற, உனக்கு இன்னா கொறை?"

"அதாங்க கொறை. இதுங்கள நீங்க உக்கார விடல. என்னை பதினஞ்சு வருஷமா எழுந்திருக்கவே விடலியே!"