கஞ்சாவே முதல் கோரிக்கை

மாமியாரிடம் தோற்காத மருமகன் உலகத்தில் இல்லை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, எல்லோருக்கும் நடப்பதுதான். ஆனால் அவர் மாமியார் ஆவதற்கு முன்பே, தோட்டத்து ஜனங்கள் அத்தனை பேரும் பார்த்திருக்க, முறைப்படி நடந்த ஒரு தேர்தலில், அதுவும் கஞ்சாவுக்காக நின்று தோற்றவன் மலைநாட்டில் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். (வேற யாராச்சும் இருந்தா சொல்லுங்க, ஒரு சங்கம் வச்சிக்கலாம்.)

எழுபதுகளின் கடைசி. பூண்டுலோயாவுக்கு மேலே எங்கள் தோட்டம். தலவாக்கலையில் பத்தாம் வகுப்பு வரை படித்திருந்தேன். பிரஜாவுரிமை இல்லாதவனுக்கு அரசாங்க வேலை கிடையாது என்பதால் இஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலித்துக்கொண்டிருந்தேன். தலைமுடியில் தேயிலைத் தூள், தலைக்குள் உலக அரசியல். லயத்து வரிசை வீடுகளில் யாராவது அரிசி விலை பற்றிப் பேசினால்கூட நான் நடுவில் புகுந்து ஒரு சொற்பொழிவு நிகழ்த்தாமல் விடமாட்டேன்.

அந்த நாட்களில் எனக்கு இருந்த ஒரே சொந்தக் கவலை புஷ்பம். கீழ் லயத்தில் இருந்தாள், கொழுந்து எடுப்பவள். அவளுடைய அப்பா மருதமுத்து மாமா எங்கள் முனியாண்டி கோயில் பூசாரி. அம்மா காளியம்மா அத்தை. "பொறுப்பான பதவியில இருக்கிற ஆளுக்குத்தான் பொண்ணு" என்று மாமா ஒருமுறை சொன்னது என் காதுக்கு வந்திருந்தது. தூள் சலிப்பதைப் பதவி என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை.

இந்த நேரத்தில்தான் பொலிஸ் வந்தது. எங்கள் முனியாண்டிக்கு வருஷப் பூசையில் சுருட்டும் சாராயமும் கஞ்சாவும் படைப்பது வழக்கம். அதற்காக மாமா கோயிலுக்குப் பின்னால் சில செடிகளை வளர்த்து வந்தார். பொலிஸார் செடிகளைப் பிடுங்கி, மாமாவையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மறுநாள் அபராதம் கட்டிவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பினார்.

அதே மாதம் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவருக்கு, இரு நாட்டு ஒப்பந்தப்படி இந்தியாவுக்குத் திரும்பிப் போகும் முறை வந்து, குடும்பத்தோடு தலைமன்னார் கப்பலுக்குக் கிளம்பிவிட்டார். தலைவர் பதவி காலி. நான் இரண்டையும் கூட்டிப் பார்த்தேன். கஞ்சாவைச் சட்டபூர்வமாக்க வேண்டும் என்ற கோரிக்கையோடு நின்றால் தலைவராகலாம், மாமாவின் மானத்தைக் காப்பாற்றலாம், புஷ்பத்தையும் கட்டலாம். ஒரே கல்யாணச் செலவில் மூன்று காரியம்.

நான் ஏதோ பெரிய கஞ்சாக் குடிகாரன் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு முன் ஒரே ஒரு தடவை இழுத்திருக்கிறேன். இருமி இருமி மூச்சுத் திணறி, கடைசியில் மாமா கொத்தமல்லி அவித்துக் கொடுத்துத்தான் பிழைத்தேன். நான் நின்றது கொள்கைக்காக. (அந்த வயசுல நமக்குக் கொள்கைக்கா பஞ்சம்?)

ஜனங்களின் கருத்தையும் கேட்காமல் இல்லை. தினமும் சாயங்காலம் கோயிலுக்குப் பின்னால் கூடும் ஆண்களிடம் போய் உட்கார்ந்தேன். எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள். "தம்பி, இத மட்டும் நீ பேசு. தலைவரு நீதான்" என்றார்கள். தோட்டமே என் பக்கம் என்று முடிவு கட்டினேன். சங்கத்துக்குச் சந்தா கட்டுபவர்களில் பாதிக்கு மேல் பெண்கள் என்பதும், அவர்கள் யாரும் கோயிலுக்குப் பின்னால் வந்து உட்காருவதில்லை என்பதும் அந்த உலக அரசியல் மண்டைக்குள் ஏறவேயில்லை.

காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுப்பதுதான் பெரட்டு. தேர்தல் அதற்கு முன்பாக, பெரட்டுக் களத்திலேயே நடந்தது. ஹட்டனிலிருந்து சங்கப் பிரதிநிதி ஒருவர் வந்திருந்தார். குளிர், பனிமூட்டம், கூடையோடு பெண்கள் ஒரு பக்கம், கவ்வாத்துக் கத்தியோடு ஆண்கள் ஒரு பக்கம். போட்டியிட வேறு யாரும் முன்வரவில்லை. நான் புதுச்சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

"நகரத்தில் ஆயுர்வேத வைத்தியருக்குக் கஞ்சா வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. நம்முடைய முனியாண்டிக்கு அந்த அனுமதி கிடையாதா?" என்று ஆரம்பித்தேன். ஆண்கள் பக்கத்திலிருந்து ஓர் ஆமோதிப்புச் சத்தம் எழும்பியது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. வெள்ளைக்காரன் சட்டம், ஏழையின் உரிமை, தெய்வத்தின் உரிமை என்று ஏறிக்கொண்டே போனேன்.

சங்கப் பிரதிநிதி குறுக்கிட்டார். "தம்பி, கஞ்சாவ மொதல் கோரிக்கையாவே வைக்கணும்ங்கிறீங்களா?"

"ஆமாங்க. மத்ததெல்லாம் அப்பறம்."

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து காளியம்மா அத்தை முன்னால் வந்தார். கூடையை இறக்கக்கூட இல்லை.

"தம்பி, பிள்ளக்காம்பரா கூரை எத்தனாவது கோரிக்கை?"

கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம்தான் பிள்ளைக்காம்பரா. அதன் கூரைத் தகரம் துருப்பிடித்து ஒழுகிக்கொண்டிருந்தது. அது எனக்கும் தெரியும். "அதுவும் இருக்கு அத்த. அஞ்சாவது" என்றேன், கருணையோடு.

"மழ பேஞ்சா ஆயம்மா எம் மகன் வயித்துப் பேரனோட தொட்டில மூலைக்கு மூல இழுத்துக்கிட்டே இருக்காங்க. மூனு மூல ஒழுகிருச்சு. நாலாவது மூல ஒழுகறதுக்குள்ள ஒங்க அஞ்சாவது வந்துருமா?"

பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் புஷ்பத்தின் குரலும் கேட்டது. நான் கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். "அத்த, ஒங்க வீட்டுக்காரரத்தான பொலிசு புடிச்சு அவமானப்படுத்துனாங்க. நான் அவருக்காகத்தான் பேசறேன். எவனோ ஒரு துரோகி சொல்லிக் குடுத்து..."

"சொல்லிவிட்டது நாந்தான்" என்றார் அத்தை.

மாமா தன் மனைவியை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார். "செடிக்குத் தண்ணி ஊத்துனதும் இவதானே" என்று பக்கத்திலிருந்தவரிடம் மெதுவாகச் சொன்னார்.

"முனியாண்டிக்குன்னுதான் வளத்தாரு" என்றார் அத்தை, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல். "முனியாண்டி வருசத்துல ஒருநா குடிக்கிறாரு. மிச்ச நாளெல்லாம் யாரு குடிச்சா? தோட்டத்துல வேல குடுத்த நாள்ல பாதிநா இவரு வேலைக்கே போகல. அதான் சொன்னேன்."

பின்னாலிருந்து ஒரு பெண்குரல், "அப்ப நீங்களே நில்லுங்கக்கா" என்றது. சங்கப் பிரதிநிதி இதற்காகவே காத்திருந்தவர்போல உடனே வாக்கெடுப்பு என்று அறிவித்துவிட்டார். கையைத் தூக்கி வாக்களிக்க வேண்டும். எங்கள் தோட்டத்தில் அப்படித்தான் நடக்கும்.

அத்தைக்கு ஆதரவாகப் பெண்கள் கைகள் மொத்தமாக எழுந்தன. புஷ்பம் இரண்டு கையையும் தூக்கினாள். பிரதிநிதி ஒன்றை இறக்கச் சொன்னார். அடுத்து என் முறை. என் முதுகில் தட்டிய அத்தனை பேரும் எதிரே நின்றார்கள். ஒவ்வொருவரும் எதிர்ப்பக்கத்தில் நின்ற தங்கள் மனைவியைப் பார்த்தார்கள். பிறகு மலையைப் பார்த்தார்கள், மேகத்தைப் பார்த்தார்கள். மருதமுத்து மாமாவின் வலது கை மட்டும் தோள் உயரம் வரை வந்தது. அத்தை திரும்பியதும் அது அப்படியே போய்க் காதைச் சொறிந்துவிட்டு இறங்கியது. எனக்கு விழுந்தது ஒரே ஓட்டு. அது நான் தூக்கிய கை.

அத்தை தலைவியானார். மறுவாரமே கைக்குழந்தைகளோடு பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தார். அத்தனை குழந்தைகள் ஒன்றாக அழுவதைத் தோட்டத்துத் துரை அதற்கு முன் கேட்டதில்லை போலிருக்கிறது. பெருமழைக்கு முன்பே தகரம் வந்துவிட்டது. அதை இறக்கிய இடத்திலிருந்து மேட்டுக்குத் தலையில் சுமந்து ஏற்றியவர்களில் நானும் ஒருவன். யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் போனேன். அதற்குப் பிறகு ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு பெண் கேட்கப் போனபோது, அத்தை தேத்தண்ணீர் கொடுத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எம் பொண்ணு ஒங்களுக்கு எத்தனாவது கோரிக்கை?"

"மொதலாவதுங்க" என்றேன். வேறு பதில் சொல்லும் அளவுக்கு நான் அப்போது முட்டாள் இல்லை.

எல்லோரும் இதைச் சொல்லிச் சிரிக்கும்போது நானும் சிரிப்பேன். ஆனால் ஒன்று மட்டும் இன்றும் உறுத்துகிறது. அன்று நாட்டின் எந்தத் தேர்தலிலும் எங்களுக்கு ஓட்டு இல்லை. பாராளுமன்றம், கிராம சபை எதிலும் எங்கள் பெயர் கிடையாது. தூக்குவதற்கு எங்களுக்கு இருந்தது அந்தப் பெரட்டுக் களத்துக் கை ஒன்றுதான். அந்த ஒரு கையையும் நான் கஞ்சாவுக்குத் தூக்கச் சொல்லிக் கேட்டேன்.

எண்பதுகளின் முடிவில்தான் எங்களுக்குப் பிரஜாவுரிமை கிடைத்து, வாக்காளர் அட்டை வந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாக்களிப்பு. விடிவதற்குள் நல்ல சேலை கட்டிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் போய் நின்றவர் என் மாமியார்தான். வாழ்க்கையில் முதல் ஓட்டைப் போட்டுவிட்டு, மை வைத்த விரலை மடக்காமல் நீட்டிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். கண் கலங்கியிருந்தது. வரிசையில் நின்ற என்னிடம் வந்து, காதோடு அவர் சொன்னதைத்தான் ஒவ்வொரு தேர்தல் நாளிலும் என் பிள்ளைகள் இன்றுவரை எனக்குச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

"உள்ள அட்ட வச்சு மறச்சிருக்காங்க மாப்ள. யாரு யாருக்குப் போட்டான்னு பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. இன்னைக்கி நின்னிருந்தீங்கன்னா ஜெயிச்சிருப்பீங்க."