கட்டம் மாமாவும் என் லேட்டு விரலும்

உலகத்தில் எங்கே தாளம் பிசகினாலும் கடலூர் மஞ்சக்குப்பத்தில் கட்டம் மாமாவுக்குப் பொறுக்காது.

செல்போன் கடை மாடியில் ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். நாம் கீபோர்டில் வாசிப்பது கம்ப்யூட்டர் திரையில் சின்னச் சின்னக் கோடுகளாக விழும். முந்தியும் பிந்தியும் கிடக்கும் கோடுகளை இழுத்துத் தாளக் கட்டத்துக்குள் உட்கார வைப்பது அவர் வேலை. ஒரே பட்டனில் எல்லாவற்றையும் சரிசெய்யலாம். மாமா தொடமாட்டார். "பட்டன அமுக்குனா நீ திருந்துவியா? ஒவ்வொன்னா இழுத்தாத்தான் நீ பண்ண அநியாயம் ஒனக்குத் தெரியும்" என்பார்.

ஸ்டுடியோவோடு நின்றால் பரவாயில்லை. சிதம்பரம் பஸ்ஸில் டிரைவரிடமே போய், "அண்ணே, லெஃப்ட் இண்டிகேட்டர் கரெக்ட்டு, ரைட்டு கொஞ்சம் ஓடுது" என்றவர். ஒருநாள் சாவு ஊர்வலம் போகும்போது ஜன்னலைத் திறந்து, மேளம் அடிப்பவரைப் பார்த்து, "பிரதர், மூணாவது அடி லேட்டு!" என்று கத்த, பாடைக்குப் பின்னால் வந்தவர்கள் மாடியேறி வந்துவிட்டார்கள். அவர்கள் அடித்ததையும் மாமா தாளம் எண்ணிக்கொண்டே வாங்கினாராம். செல்போன் கடைக்காரர் சாட்சி.

நான் அவருக்கு ஜென்ம சத்ரு. என் வலது கை தாளத்துக்கு அரை மூச்சு பின்னால்தான் வரும். "மாப்ள, நீ வாசிக்கறியா, தேடறியா?" என்பார்.

அப்படிப்பட்ட எனக்கு சிதம்பரத்தில் பெண் பார்த்தார்கள். பார்த்தவுடனே பிடித்துப்போய்விட்டது. ஆனால் பெண்ணின் அப்பா மெல்லிசைக் குழு நடத்துகிறவர். "பையன் கீபோர்டாமே, ஒரு பாட்டு வாசிச்சு அனுப்பட்டும், அப்புறம் பேசலாம்" என்றுவிட்டார். வாசித்தேன். மாமா இரண்டு நாள் உட்கார்ந்து இழுத்தார். வாட்ஸப்பில் போனது. உடனே போன். "என்னா டைமிங்! நிச்சயதார்த்தத்துல நம்ம குழுவோட மாப்ளயே வாசிக்கட்டும்!"

மாமாவிடம் ஓடினேன். "மேடையிலயும் லேப்டாப்ப வெச்சு சரிபண்ணிடுங்க மாமா."

"அடப்பாவி, முந்தி வந்தத நிறுத்தி வெக்கலாம். இன்னும் வராதத எங்கேருந்து இழுக்கறது?"

"மானம் போயிடும் மாமா. பொண்ணும் போயிடும்."

"நீ வாசி. நான் வர்றேன்."

நிச்சயத்தன்று ரிதம் பேடில் தாளம் அடிப்பவரைச் சாப்பிட அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் மாமா உட்கார்ந்திருந்தார். பாட்டு தொடங்கியது. என் கை வழக்கம்போல் பிந்தியது. தாளமும் பிந்தியது! திரும்பிப் பார்த்தேன். மாமா என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அது இறங்கும்வரை காத்திருந்து அடித்தார். நான் தடுமாறிய இடத்திலெல்லாம் நின்றார். கிட்டாரும் பாடகியும் வேறு வழியில்லாமல் அவர் பின்னால் நொண்டினார்கள்.

பாட்டு முடிந்ததும் பெண்ணின் அப்பா கடுகடுவென்று மேடையேறினார். "யாருய்யா பேடு? மாப்ள சுத்தமா வாசிக்கறாரு, தாளம் நொண்டுதே!"

இத்தனை இசைக்காரர்கள் பார்க்க, கட்டம் மாமா எழுந்து கைகட்டி நின்றார். "ஆமாண்ணே. எனக்குத் தாளம் கொஞ்சம் ஒதைக்கும்."

கல்யாணமாகி இப்போது எங்களுக்கு ஒரு பெண் குழந்தை. "அந்தத் தாளங்கெட்ட ஆள மட்டும் மேடையேத்தாதீங்க" என்று மாமனார் இன்றும் சொல்கிறார். நானும் கோழை மாதிரி தலையாட்டுகிறேன். பெற்ற தகப்பன்கூட எனக்காக அப்படி ஒரு பொய் சொல்லியிருப்பாரா, தெரியவில்லை.