அரை மைல் பாதை

"அரை மைல் தூரம் எண்டுதானே போன சனிக்கிழமையும்—"

"தூரம் எண்டு நான் சொல்லேல்லை, அரை மைல் எண்டுதான்—"

"கார் மீற்றர் தொண்ணூறு கிலோமீற்றர் காட்டுது. முடக்கிலை இருக்கிற டெப்பனர்க் கடைக்குப் பால் வாங்கப் போன மனுசன் ஒட்டாவாப் பக்கத்தாலையோ சுத்தி வந்தவர்?"

கிருபானந்தன் சமையலறைக் கதவைப் பிடித்தபடி நின்றார். நிரஞ்சனி விடுவதாக இல்லை. சனிக்கிழமை தோறும் வெள்ளைச் சட்டையை அயர்ண் பண்ணிப் போட்டு, வாசனை பூசி, போட்ட மடிப்புக் குலையாமலே திரும்பி வருகிற மனுசனை எந்தப் பெண்சாதி நம்புவாள்?

கடைசியில் அவர் வாயைத் திறந்தார். கார் ஓட்டப் போட்டி பார்க்கப் போகிறாராம். ஊருக்கு வெளியே முட்டை வடிவத்தில் ஓர் ஓடுபாதை. ஒரு சுற்று அரை மைல். சொன்னால் அவள் சிரிப்பாள் என்று மறைத்தாராம்.

"அரை மைல் எண்டால் சின்னது," என்றார், கொஞ்சம் தெம்பு வந்தவராக.

நிரஞ்சனியின் கையில் அகப்பை அப்படியே நின்றது. "சின்ன வீடு எண்டு வாய்விட்டே சொல்லுங்கோவன்."

"நான் பாதையைச் சொல்லுறன். ஒரு மைலுக்குக் குறைஞ்சதெல்லாம் சின்னது. ஒண்டிலையிருந்து ரெண்டு மட்டும் நடுத்தரம். அதுக்கு மேலை பெரியது."

"நடுத்தரத்தையும் பெரியதையும் எங்கை வைச்சிருக்கிறியள்?"

அதெல்லாம் அமெரிக்காவில் என்று அவர் சொன்னது இன்னும் பிழையாகப் போயிற்று. தங்கச்சி மகளின் கலியாணத்துக்கென்று தனியே நியூ ஜேர்சியில் போய் நின்ற நாட்களெல்லாம் கிளறப்பட்டன. அடுப்பில் கறி அடிப்பிடித்தது.

"வாற சனி நானும் வாறன்."

அவர் போய் அடுப்பை நிறுத்தினார். "வாருமன்."

சனிக்கிழமை போனிலிருந்த பெண்குரல் பிரெஞ்சில் வழி சொல்லிக்கொண்டே வந்தது. அந்தக் குரலிலும் நிரஞ்சனிக்குச் சந்தேகம்தான். கண்ணை மீற்றரை விட்டு எடுக்கவில்லை. போய்ச் சேர்ந்தபோது நாற்பத்தைந்து. முட்டை வடிவமும் உண்மை, அரை மைலும் உண்மை. கார்கள் இடப்பக்கம் திரும்பித் திரும்பியே ஓடின. ரயர்த் தூள் பறந்து அவருடைய வெள்ளைச் சட்டை சட்டி துடைத்த துணியாயிற்று.

நிரஞ்சனிக்கு வெட்கம் தாங்கவில்லை. செக்குமாடு மாதிரிச் சுற்றுகிற கார்களுக்காகவா கட்டின புருசனைச் சந்தேகப்பட்டாள்? பூட்டின் என்கிற சீஸ் போட்ட உருளைக்கிழங்குப் பொரியல் வாங்கி, ஊட்டாத குறையாகக் கொடுத்தாள்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இனி நான் மீற்றர் பாக்கமாட்டன்."

கிருபானந்தனின் முகம் ரெண்டு மைல் பாதை போல விரிந்தது.

வெளியே வரும்போது, தமிழ்ப் பேச்சுக் காதில் விழ, வாசலில் டிக்கெற் கிழிக்கிறவர் சட்டென்று திரும்பினார். சட்டையில் பேரின்பநாதன் என்று பெயர்ப்பட்டி. ஓடி வந்து கிருபானந்தனின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"மூண்டு வருசமா ஒவ்வொரு சனியும் இந்த வாசலிலை நிக்கிறன் அண்ணை, இண்டைக்குத்தான் ஒரு தமிழ் முகத்தைக் காணுறன்."