எல்லாம் வளர்ப்பில்தான் இருக்கிறது

நாய்களில் எத்தனை வகை உண்டென்று சொல்லப் புத்தகங்கள் இருக்கின்றன. நாய் வளர்ப்பவர்களில் ஒரு வகையைப் பற்றி மட்டும் யாரும் சரியாக எழுதி வைக்கவில்லை. உங்களுக்கு அவரைத் தெரியும். இரும்பு கேட்டுக்கு அந்தப் பக்கம் கன்றுக்குட்டி அளவில் ஒரு பிராணி எழுந்து நின்று உங்கள் தொண்டையை அளவெடுத்துக்கொண்டிருக்கும்போது, பின்னாலிருந்து லுங்கியை இறுக்கிக் கட்டியபடி வந்து, "உள்ள வாங்க, ஒண்ணும் பண்ணாது" என்று புன்னகைப்பாரே, அவரேதான். வளர்ப்புவாதி என்று அவருக்குப் பெயர் வைக்கலாம்.

மைசூர் மண்டி மொஹல்லாவில், எதிரெதிரே இரண்டு ஸ்கூட்டர் வந்தால் ஒன்று பின்வாங்கியாக வேண்டிய சந்தில், இந்த வகையின் கலப்படமில்லாத மாதிரி ஒருவர் வசிக்கிறார். பெயர் லூர்துராஜ். அரசு அலுவலகத்தில் சூப்பரின்டெண்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வளர்ப்பது ராட்வைலர் என்கிற பெருந்தாடை நாய். அதற்குப் பெயர் பாப்பா. "ஒண்ணும் பண்ணாது" என்பதைத் தமிழர்களிடம் தமிழில் சொல்வார்; கன்னடக்காரர்களிடம் "ஏனூ மாடல்ல" என்பார்; பார்சல் கொண்டுவரும் வடநாட்டு ஆளிடம் "குச் நஹி கரேகா" என்பார். மூன்று மொழியிலும் அதே புன்னகை. பாப்பாவிடம் மட்டும் எந்த மொழியிலும் இதைச் சொல்லி வைத்ததாகத் தெரியவில்லை.

சில நாய் இனங்களைத் தடை செய்யலாமா என்று செய்தித்தாளில் பேச்சு அடிபட்டபோது லூர்துராஜ் கொதித்துப்போனார். பேப்பரை மடக்கி மடியில் அடித்துக்கொண்டு, சந்தில் போகிறவர் வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி நியாயம் கேட்டார். "பிறப்பை வச்சு ஒரு உயிரை முத்திரை குத்தறது அநியாயம். ஹௌதோ இல்வோ, ஆமாவா இல்லையா? கெட்ட இனம்னு ஒண்ணு உலகத்துலயே கிடையாது சார். எல்லாம் வளர்ப்பு." மேடையில் பேசியிருந்தால் கைதட்டியிருப்பார்கள்.

அவர் சொன்னது முழுப் பொய்யும் அல்ல. ஒருவரையும் கடிக்காமல் கிழடாகிச் செத்த ராட்வைலர்கள் ஏராளம். கடிப்பதில் சின்னஞ்சிறு பொமரேனியன் ஒன்றும் சளைத்ததில்லை. பக்கத்து வீட்டு லீலா நர்ஸ் வேலை பார்க்கிறவள். கடிபட்டவர்களுக்குக் கட்டுப் போட்டுப் பழகிய கை. அவள் மதில் மேல் கைவைத்துச் சொல்லிப் பார்த்தாள்: "பொமரேனியன் தப்புப் பண்ணினா பிளாஸ்திரி, அங்கிள். இது தப்புப் பண்ணினா ஆபரேஷன் தியேட்டர். வளர்ப்பு தப்பைக் குறைக்கும், சரி. தாடையைக் குறைக்குமா?"

லூர்துராஜ் இரக்கத்தோடு அவளைப் பார்த்தார். அவள் பயப்படுகிறாளாம். பயந்தவர்களைப் பாப்பாவுக்கு வாசனையிலேயே தெரியுமாம்.

பயிற்சி கொடுக்கவில்லை என்று அவரை யாரும் குற்றம் சொல்ல முடியாது. பயிற்சியாளரிடம் அனுப்பினார், உட்கார் என்றால் பாப்பா உட்காரும், கை கொடு என்றால் கொடுக்கும், அதற்குக் கிடைத்த மெடல் திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. ஆனால் உண்மையான பயிற்சி நடந்தது சந்துக்கு. கேஸ்காரர் சிலிண்டரை உருட்டாமல் கைக்குழந்தையைப் போல அணைத்துத் தூக்கிவரக் கற்றார், கொரியர்காரர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கூப்பிடக் கற்றார், பிள்ளைகள் பள்ளிக்கு நேரமானாலும் அந்த வீட்டைத் தாண்டும்வரை ஓடாதிருக்கக் கற்றார்கள், மழையில் வருகிறவர்கள் குடையை விரிக்காமல் நனையக் கற்றார்கள், வீடு மந்திரிக்க வந்த பங்குச் சாமியார்கூட கையை இடுப்புக்கு மேல் தூக்காமல் ஆசீர்வதிக்கக் கற்றுக்கொண்டார். ஒவ்வொரு சட்டத்துக்குப் பின்னாலும் கிழிந்த பேண்ட் ஒன்று இருந்தது. கிழிந்ததற்குக் காரணம் எப்போதும் பேண்ட்டுக்கு உள்ளே இருந்தவர்தான். அவர் ஏன் ஓடினார்? ஏன் அதன் கண்ணைப் பார்த்தார்?

இந்தப் பள்ளிக்கூடத்தின் முதல் மாணவி கமலம்மாள். ஹனூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். அந்தச் சந்தில் நான்கு வீடுகளில் பத்துப்பாத்திரம் தேய்த்துத் துணி துவைத்தாள். லூர்துராஜ் வீட்டுக்குள் வருமுன் வளையலைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொள்வாள். வேகமாக நடக்க மாட்டாள். பாத்திரத்தைச் சத்தமில்லாமல் வைப்பாள். பாப்பாவின் கண்ணைத் தப்பித் தவறியும் பார்க்க மாட்டாள். வாய் திறந்து கேட்டது ஒன்றே ஒன்று.

"ஏனுங்கய்யா, நா பாத்தரம் கழுவி முடிக்கற வரைக்குமாச்சும் அதைக் கட்டிப் போடுங்களே."

கட்டிப் போட்டால் பாப்பாவின் மனசு உடைந்துவிடும் என்று லூர்துராஜ் விளக்கினார். சுதந்திரம் எல்லா உயிருக்கும் பொது என்றார். பிறகு பாப்பாவைத் தட்டிக்கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். கமலம்மாள் பின்கட்டுக் குழாயடியில், முதுகை அதற்குக் காட்டியபடி குந்தி உட்கார்ந்தாள். தினமும் அப்படித்தான்.

ஒரு காலையில் அடிப்பிடித்த பால் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது பாப்பா அவளுடைய வலது கையைக் கவ்விப் பிடித்தது. விடுவிக்க லூர்துராஜ் ஒருவரால் முடியவில்லை. மதிலேறிக் குதித்து லீலாவும் வர வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரிக்கு அவரே ஆட்டோவில் கூட்டிப்போனார், செலவும் அவருடையதுதான். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் வழியெல்லாம் அவர் தவித்த தவிப்பு வேறு. கமலம்மாளின் கை, துண்டுக்குள் சிவந்து கனத்துக்கொண்டே வந்தது. ஓடினாளா? இல்லை. கண்ணைப் பார்த்தாளா? இல்லை. வளையல்? அது முந்தானையில் இருந்தது. விரல் போனால் ஒருத்தியின் விரல். கொள்கையே போய்விட்டால்? தாங்க முடியாமல் கனிவோடு கேட்டார்: "நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. கடிக்கறதுக்கு முன்னால நீ என்ன பண்ணினே?"

அவள் வலியிலும் யோசித்தாள். "தும்முனேனுங்கய்யா."

லூர்துராஜின் முகம் அப்படியே தெளிந்தது.

சாயங்காலம் கேட்டருகே கூடியவர்களுக்கு அவர் வருத்தத்தோடு விளக்கிக்கொண்டிருந்தார். தும்மிவிட்டாள், பாவம். பாப்பா பயந்துவிட்டது.

"தும்மறதுக்கும் உங்க நாய்கிட்ட லீவ் லெட்டர் குடுக்கணுமா, அங்கிள்?" என்றாள் லீலா.

அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் சொல்லிக் குடுக்காததா, லீலா? அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு எவ்வளவு சொன்னாலும் ஏறாதும்மா. நீ என்னதான் பழக்கு, ரத்தத்துலயே கிடையாது."

தான் சொன்னதில் விசேஷமாக ஏதும் இருந்ததாக லூர்துராஜுக்குத் தோன்றவில்லை. கேட்டுக்கு உள்ளே பாப்பா உட்கார்ந்திருந்தது. அதன் ரத்தத்தில்தான் ஒன்றுமே கிடையாதே.

தையல் பிரித்த பிறகும் கமலம்மாளுக்கு இரண்டு விரல் மடங்கவில்லை. துணி பிழிய முடியாது, சட்டியைப் பிடிக்க முடியாது. மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் மிகவும் வருத்தப்பட்டு வேறு ஆள் வைத்துக்கொண்டார்கள். லூர்துராஜ் வீட்டுக்குக் கெம்பம்மா என்று ஒருத்தி வரப்போவதாகக் கேள்விப்பட்டு, ஒருநாள் கமலம்மாள் வந்து கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். தனக்காக ஒன்றும் கேட்கவில்லை.

"புதுசா வர்றவளுக்காச்சும் கட்டிப் போடுங்கய்யா."

லூர்துராஜ் அவள் கையைப் பார்த்தார். நிஜமாகவே கண் கலங்கியது. பிறகு, பாப்பாவும் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அவளிடம் சொன்னார்.

சங்கிலி இன்றுவரை வாங்கவில்லை. கெம்பம்மா வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். மூக்கு அரித்தால் முந்தானையால் பொத்திக்கொள்ள வேண்டும் என்பது அவளுக்கு முதல் பாடம்.

லூர்துராஜ் கெட்டவர் இல்லை. தனக்குச் சொந்தமான ஒன்று இன்னொருவரைச் சிதைத்துவிட்டால், சிதைந்தவர் என்ன செய்தார் என்று முதலில் விசாரிக்கிறவர், அவ்வளவுதான். நீங்கள் தலையை ஆட்டுகிறீர்கள். இப்படியும் மனிதர்களா என்கிறீர்கள். உங்கள் வீட்டில் நாயே கிடையாது என்கிறீர்கள்.

சந்தோஷம். கார் ஓட்டும் பிள்ளை இருக்கிறானா?