பத்தாவது அணி

ஒன்பது அணிகளை எப்படிச் சோடி சேர்த்தாலும் ஒன்று மிஞ்சியது. அச்சகக்காரர் மூன்றாவது நாளாகச் சாப்பாட்டு மேசையில் பென்சிலும் அழிப்பானுமாக உட்கார்ந்திருந்தார். வட்டாரக் கால்பந்து லீகின் செயலாளர் அவர். ஆறு வருடமாக வேறு யாரும் அந்தப் பதவிக்கு ஆசைப்படாததைத் தம் திறமைக்குக் கிடைத்த மரியாதையாகவே நம்பிவந்தார்.

“தட்டு வைக்க இடம் வேணும்,” என்றாள் மனைவி.

“கொஞ்சம் பொறு. பேக்கரி டீமுக்கு ரெண்டு வாரம் தொடர்ந்து லீவு வருது. அவன் சும்மா விடமாட்டான்.”

“ஞாயித்துக்கிழமை நாம சேர்ந்து சாப்பிட்டு ஆறு வருஷமாச்சு. நான் விட்டுட்டுதானே இருக்கேன்?”

அவர் காதில் அது விழவில்லை. காகிதத்தில் மட்டும் ஒரு பத்தாவது அணியை உண்டாக்கி, ‘விண்மீன்’ என்று பெயரும் வைத்துவிட்டார். விண்மீனோடு மோத வேண்டிய வாரம் அந்தந்த அணிக்கு ஓய்வு. தம் மூளையை எண்ணி அவருக்கே புல்லரித்தது.

மறுநாளே நடுவர் வந்தார். வார நாட்களில் அவர் தபால்காரர். விலாசம் இல்லாத எதையும் நம்பமாட்டார்.

“கேப்டன் கையெழுத்து இல்லாம டீமைப் பதிய முடியாது சார்.”

அச்சகக்காரர் படிவத்தை மனைவியிடம் நீட்டினார். “சும்மா ஒரு கையெழுத்து.”

அவள் சும்மா போடவில்லை. முழுவதும் படித்துவிட்டுத்தான் போட்டாள்.

ஒன்பது வாரம் கழித்து நடுவர் புள்ளிப்பட்டியலைக் கொடுத்தார். விண்மீன் ஆடியது ஒன்பது, வென்றது ஒன்பது. கோப்பை அதற்குத்தான்.

“யோவ், அப்படி ஒரு டீமே இல்லையே!”

“விதி நாப்பத்தொண்ணு சார். ரெண்டாவதா பேர் போட்டிருக்கிற டீம் வரலைன்னா மூணு கோல்ல தோத்ததாக் கணக்கு. விண்மீனை எல்லா ஆட்டத்துலயும் முதல்லதானே போட்டிருக்கீங்க?”

“முதல்ல போட்ட டீமும் வரலைன்னா?”

“அதுக்கு விதி இல்லை. பக்கம் முடிஞ்சுபோச்சு.”

உண்மைதான். விதிப் புத்தகம் அடித்தபோது கடைசிப் பக்கம் காலியாகக் கிடந்தது. வெள்ளைத்தாளை வீணாக்க மனமில்லாமல் வாய்க்கு வந்த விதிகளால் நிரப்பியவர் அவரேதான். செயலாளருக்கு எதிராக ஒரே ஒரு ஓட்டு விழுந்தாலும் அவர் விலக வேண்டும் என்ற விதியும் அந்த உற்சாகத்தில் பிறந்ததே.

இரண்டாம் இடத்துப் பேக்கரிக்காரர் ஓட்டெடுப்புக் கேட்டார். அச்சகக்காரர் வீடுவீடாகப் போய்க் கேப்டன்களின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். செயலாளர் முத்திரை கைவிட்டுப் போனால் அவர் வெறும் பில் புத்தகம் அடிக்கிறவர்.

கூட்டத்துக்கு மனைவியும் கேப்டனாக வந்திருந்தாள். ஒரு ஓட்டாவது நிச்சயம் என்று அவளைப் பார்த்துத் தெம்பாகச் சிரித்துக்கொண்டார்.

நடுவர் செருப்புப் பெட்டியைக் கவிழ்த்து, அணிப்பெயர் எழுதிய சீட்டுகளை எண்ணினார்.

“இந்த வேலைக்கு வேற ஆளில்லைன்னு பேக்கரிக்காரர் உட்பட ஒம்போது பேரும் உங்களுக்குத்தான் சார் போட்டிருக்காங்க. எதிரா விழுந்தது விண்மீனோட ஓட்டு மட்டும்தான். ஞாயித்துக்கிழமை அவங்க டீமுக்கு ஆள் குறையுதாம்.”