குளவிக் கூட்டுக்குச் சாம்பிராணி போட்ட மைத்துனருக்கு

கச்சிராயபாளையம்,
செவ்வாய்க்கிழமை.

தியாகதுருகத்தில் வீக்கம் வடிந்துகொண்டிருக்கும் என் மைத்துனர் காசிநாதன் அவர்களுக்கு, ராஜாங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும், உங்கள் அக்கா பச்சையம்மாளும், மகன் இளவரசனும், மருமகள் கலையரசியும், நிலைவாசலுக்கு மேலே இருபத்து மூன்று குளவிகளும் சுகம். அங்கு உங்கள் மூக்கின் நலத்துக்கும், உங்கள் வீட்டுக்காரி, தங்கை பாப்பாத்தியின் இடது காது நலத்துக்கும் பதில் போடவும். போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. கடிதத்தையாவது பிரிப்பீர்கள் என்று தபாலில் எழுதுகிறேன்.

நீங்கள் ஆள் மூலம் சொல்லியனுப்பிய உத்தரவு கிடைத்தது. வெள்ளிக்கிழமைக்குள் அந்தக் கூட்டைக் கொளுத்த வேண்டும், கலையரசியைக் கல்வராயன் மலையில் பிள்ளை உண்டாக வேர் கொடுக்கிற வைத்தியரிடம் கூட்டிப்போக வேண்டும், இல்லாவிட்டால் இந்த வீட்டு வாசலை இனி மிதிக்க மாட்டீர்கள். இரண்டையும் செய்வதாக இல்லை. வாசலைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அதை நாங்களே மிதிப்பதில்லை.

வீட்டில் குளவி கூடு கட்டினால் அங்கே ஒருத்தி முழுகாமல் இருக்கிறாள் என்று நம் பக்கத்தில் சொல்வது வழக்கம்தான். ஆனால் அது மண்ணைக் குழைத்துச் சுவர் மூலையில் தனியாகக் கட்டுகிற குளவிக்குச் சொன்னது மச்சான், இது வேறு. இது நம் மாட்டுக்கொட்டகை மூங்கிலைச் சுரண்டி மென்று, எச்சிலில் குழைத்து, காகிதமாக்கி, ஒற்றைக் காம்பில் கூட்டைத் தொங்கவிடுகிறது. கலையரசி கள்ளக்குறிச்சியில் விலங்கியல் டீச்சர். பார்த்த அன்றே சொன்னாள், யார் காதில் ஏறியது? யாரோ கூட்டைப் போட்டோ பிடித்துச் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட, நீங்கள் அதை ஊர் முழுக்க அனுப்பிவிட்டு, ஞாயிறு காலை பதினோரு பேரோடு வேனில் பழத்தட்டு, பூத்தட்டு, கண்ணாடி வளையல் சகிதம் வந்து இறங்கினீர்கள். "இன்னா மாமா, இம்மாம் பெரிய விஷயத்த வாயில போட்டு மூடிக்கினு இருந்துட்டீங்களே!" என்று என் முதுகில் ஒரு போடு போட்டீர்கள். வந்த மனுஷன் மோரைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம் அல்லவா? கூட்டுக்குத் திருஷ்டி பட்டுவிடும் என்று ஸ்டூல் போட்டு ஏறி, சாம்பிராணித் தட்டை அதன் அடியில் பிடித்து, தம் கட்டி ஊதினீர்கள். முதல் கொட்டு உங்கள் மூக்கில் விழ, நீங்கள் ஸ்டூலோடு பூத்தட்டின் மேல் விழ, பாப்பாத்தி வளையல் தட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மக்காச்சோளக் காட்டுக்குள் ஓட, மணலூர்பேட்டைப் பெரியவர் வேட்டியோடு தண்ணீர்த் தொட்டிக்குள் குதிக்க, வேன் டிரைவர் எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிக்கொண்டு உள்ளே இருந்தே, "எல்லாரும் ஏறிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். குளவி மேல் என்ன தப்பு? உங்கள் வீட்டு வாசலில் ஒருவன் புகை போட்டால் நீங்கள் சும்மா விடுவீர்களா?

சிரிப்பு இதோடு முடிந்தது. வீங்கின எல்லோருக்கும் ஐஸ் ஒத்தடம் கொடுத்தது கலையரசிதான். உதடு வீங்கின ஒரு அம்மாள் அந்த நிலையிலும் அவள் கையைப் பிடித்து, "எத்தினி நாளு தள்ளிப் போயிருக்குது?" என்று கேட்டாள். "அப்படில்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றாள் இவள். உடனே நீங்கள், "அப்போ குளவி இன்னாத்துக்குக் கட்டுச்சி?" என்று அவளைப் பார்த்து அதட்டினீர்கள், கூட்டைக் கட்டினதே அவள்தான் என்கிற மாதிரி. கல்யாணமாகி நாலு வருஷமாக இந்தக் கேள்வியைக் கல்யாண வீடு, கருமாதி வீடு, டவுன் பஸ் எல்லா இடத்திலும் வாங்கிக்கொள்கிற பெண் அவள். உங்கள் மூக்கிலேயே ஐஸை வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவமானமாக இருந்தது மச்சான். அப்போதே வாயைத் திறக்காமல் நின்றது என் தப்பு, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

அன்று சாயங்காலம் ஜன்னல் வழியாக எனக்கும் உங்கள் அக்காவுக்கும் இளவரசனுக்கும் கலையரசி கூட்டைக் காட்டினாள். "அங்க பறக்கறதெல்லாம் பொம்பளைங்கதான் மாமா. ஆம்பளைக் குளவிக்குக் கொடுக்கும் கெடையாது, கூட்டு வேலயும் செய்யாது" என்றாள். பச்சையம்மாள் என்னையும் இளவரசனையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கலையரசி சொன்னாள்: "முட்டை போடறது ஒருத்திதான். மத்தவங்க இரை கொண்டாறாங்க, கூட்ட நனையாம பாத்துக்கறாங்க, காம்புல எறும்பு ஏறாம மருந்து பூசறாங்க. அந்தப் புள்ளைங்கள வளக்கறதே அவங்கதான். அவங்கள்ல ஒருத்திகிட்டயும் 'ஏதாச்சும் விசேஷமா'ன்னு எவளும் கேக்கறதில்ல மாமா."

ஆகவே கூடு அங்கேயேதான் இருக்கும். என் மக்காச்சோளத்துப் புழுவை அவர்கள்தான் பொறுக்கிக்கொண்டு போகிறார்கள், மருந்தடிக்கிற வேலை பாதி மிச்சம். நாங்கள் கொல்லைக் கதவு வழியாகப் போய் வருகிறோம். உங்கள் அக்கா கோலத்தையும் அங்கேயே மாற்றிவிட்டாள். சொந்தபந்தம் யார் வேண்டுமானாலும் கொல்லை வழியாக வரலாம். விசேஷம் உண்டா என்று கேட்கிற வாய்க்கு மட்டும் இந்த வீட்டில் காபி கிடையாது. கேட்டே தீரவேண்டும் என்றால் தயவுசெய்து முன்வாசல் வழியாக வரவும். கையில் சாம்பிராணி இருந்தால் இன்னும் விசேஷம்.

உங்களுக்கும் பாப்பாத்திக்கும் மாரியாத்தா நீண்ட ஆயுளையும் பழைய மூக்கையும் தரட்டும். பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
எதற்கும் பணியாத உங்கள் மாமா,
ராஜாங்கம்.

பின்குறிப்பு: மேலே எழுதியதைக் கலையரசிக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "போட்டோவ குரூப்ல போட்டது யாருன்னு மட்டும் எழுதலியே மாமா?" என்றாள். குரூப்பில் அந்தப் போட்டோவுக்கு மேலே என் பெயர் இருப்பது உங்களுக்கும் தெரியும். எழுதாமல் விட்டால் மறந்துவிடுவீர்கள் என்று பார்த்தேன். 'சீக்கிரமே தாத்தா ஆகிறேன்' என்று அதன் கீழே எழுதி, கும்பிடு பொம்மை மூன்று வைத்ததும் நான்தான். எனவே 'நீங்கள்' என்று திட்டியிருக்கிற இடங்களில் பாதியை 'நான்' என்று திருத்திப் படிக்கவும். சாம்பிராணி மட்டும் உங்களுடையது. மணி ஆறரை ஆகிறது. கலையரசி எல்லோருக்கும் காபி கொடுத்துவிட்டு, டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். எனக்கு வரவில்லை.